ஒற்றைப் பட்டை மீனுக்கு 35 டாலர்

மாலத்தீவிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகிறது. அந்த 35 டாலர் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மாஃபுஷி தீவில் ஸ்நார்க்கலிங் (கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக் கடலுக்குள் பார்ப்பது) கூட்டிப்போகும் ஒரு கடையின் போர்டில் கோமாளி மீன் படம். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. அந்த மீன் அந்தமானில் உண்டு, மாலத்தீவில் கிடையாது. சொன்னேன். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சிரித்துவிட்டார். 35 டாலர் கொடுத்துக் கிளம்பினேன். அடுத்த கடையில் இதே பயணம் 25 டாலர் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏற்கெனவே பட்ஜெட்டில் ஓட்டை. தலைநகர் மாலேயிலிருந்து அரசுப் படகில் மலிவாக வந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை அது ஓடாது. நான் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை! ஸ்பீட் போட்டுக்கு 25 டாலர் போனது.

சரி, மீனுக்கு வருகிறேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. அங்கே இருந்தது போர்டு மீன் அல்ல, மாலத்தீவு, இலங்கைப் பக்கத்துக் கடலுக்கே உரிய வேறொரு கோமாளி மீன். விரல் நீளம்தான், மிஞ்சினால் 11 சென்டிமீட்டர். வெந்த இறால் நிறம். கண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, அதுவும் ஒல்லியாக. அடிவயிற்றுத் துடுப்புகள் கரிச்சட்டியில் உரசிக்கொண்டது போலக் கறுப்பு. இதைப் பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை. அங்கேயே இருக்கும் கிளார்க் கோமாளி மீனுக்கு உடம்பே கறுப்பு, நடுவிலும் ஒரு பட்டை ஓடும்.

வீடும் ஓர் அடையாளம். ஒரே வகைக் கடல் சாமந்தியில்தான் (பூ மாதிரி இருக்கும் கடல் விலங்கு, அனிமோன்) இது குடியிருக்கும். நான் பார்த்தது பாதி சுருங்கி, ஊதா நிறச் சுருக்குப்பை மாதிரி இருந்தது. வாய்ப்பக்கம் நாலைந்து தலைகள். கொஞ்சம் நெருங்கினேன், இருப்பதில் பெரியது நேராக என் கண்ணாடியில் வந்து முட்டியது. கூட்டத்தில் பெரியது எப்போதும் பெண்தான். அவள் செத்தால் அடுத்த இடத்திலிருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். என்ன குடும்பமோ!

மறுநாள் காலை மஸ் ஹூனி. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து, சப்பாத்தி போன்ற ரோஷியோடு. நம் வீட்டு மாசிச் சம்பலுக்குச் சித்தப்பா பிள்ளை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தங்குமிடம், செலவுக் கணக்கு எல்லாம் அப்புறம் எழுதுகிறேன். மீன் படம் கேட்காதீர்கள். எடுத்த நாற்பதில் தெளிவாக விழுந்தது ஒரு வால்தான்.