குட்டையான கலங்கரை விளக்கம்

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாயிற்று. கோபுரத்தைப் பார்த்ததும் ‘இவ்வளவு குட்டையா!’ என்றுதான் தோன்றியது. உயரம் முழுக்க அடியில் இருக்கிற பாறையில். செங்குத்தாக 130 அடி.

1905 நவம்பர் புயலில் இந்த ஏரியில் ஏறக்குறைய 29 கப்பல்கள் சேதமாயின. அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்திருக்கிறது. 1910-இல் விளக்கு எரிந்தது. அப்போது இங்கே சாலையே கிடையாது. செங்கல், சிமெண்ட் எல்லாம் படகில் வந்து, பாறை உச்சியில் நிறுத்திய பாரந்தூக்கியில் மேலே ஏறின. காவலர் குடும்பத்துக்கு அரிசி பருப்பு… சரி, மாவும் உருளைக்கிழங்கும் வந்ததும் அந்த வழிதான்!

பாரிஸில் செய்த கண்ணாடி வில்லை பாதரசத் தொட்டியில் மிதந்தபடி சுழலும். அதனால் 10 விநாடிக்கு ஒரு மின்னல். அதன் முன்னே நெடுநேரம் நின்றுவிட்டேன்.

1969-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நவம்பர் 10-ஆம் தேதியும் ஏற்றுகிறார்கள், 1975-இல் இதே ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் 29 பேருக்காக. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, மணி அடித்து.

நான் போனது ஜூலையில். குளிரைத் தாங்க முடிந்தால் ஒரு நவம்பரில் போக வேண்டும்.