செஞ்சிக்குப் போனால் முதலில் ராஜகிரி ஏறுங்கள்

செஞ்சிக் கோட்டைக்கு நண்பர்களோடு போகிறவர்களில் பாதிப் பேர் உச்சியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். மலை ஒன்றும் அவ்வளவு கடினமில்லை, வரிசைதான் தப்பு. உள்ளே நுழைந்ததும் கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம் என்று கீழேயே சுற்றிப் படம் எடுத்து முடிக்கும்போது பதினொன்றாகிவிடும். அதற்குள் பாறை சுட ஆரம்பித்திருக்கும். மதியத்துக்கு மேல் நேரமாகிவிட்டால் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரிக்கு ஏற விடவும் மாட்டார்கள். எனவே டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதும் வாங்கிக்கொண்டு நேராக மலைக்குப் போய்விடுங்கள். கீழே இருக்கும் கட்டடங்கள் எங்கேயும் ஓடிவிடாது.

திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் போகிற எந்தப் பேருந்தும் செஞ்சியில் நிற்கும். பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ பிடித்துக்கொள்வது நல்லது, கால் வலுவை மலைக்கு மிச்சம் வையுங்கள். நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரைதான் ஏற்ற காலம். மழை பெய்த மறுநாள் வேண்டாம். பாசி படிந்த படிகளில் தேய்ந்த செருப்பு நிற்காது.

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். படிகள் ஒரே அளவில் இருக்காது. நாலு படி குட்டையாக வரும், அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். வேகமாக ஆரம்பிக்கிறவர்கள் வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மன் கோயிலை எட்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் பின்னால் போங்கள். அப்படிப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் சேர்ந்தே உச்சியில் இருக்கலாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மேலே கடை கிடையாது. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். பாலிதீன் கவர் சரசரக்கும் சத்தம் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. ஜிப் போட்ட முதுகுப்பையில் கடலைமிட்டாய், பேரீச்சை போன்றவற்றை வையுங்கள். வாழைப்பழத்தை வீட்டிலேயே தின்றுவிட்டு வாருங்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பாறைப் பிளவு குறுக்கிடும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது அதன்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதில் நின்று கீழே பார்த்தால் இந்தக் கோட்டையை ஏன் எளிதில் பிடிக்க முடியவில்லை என்பது புரியும்: பாலத்தை எடுத்துவிட்டால் வழியே இல்லை. 1677இல் சிவாஜி கைக்கு வந்த இந்தக் கோட்டையில்தான் பின்னால் அவர் மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்தார். அதைப் பிடிக்க முகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகையிட்டுக் கிடந்து, 1698இல்தான் உள்ளே நுழைந்தது. மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பீரங்கி எல்லாம் உண்டு. காற்று பலமாக அடிக்கும். தொப்பியையும் செல்போனையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவர் விளிம்பில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பது முட்டாள்தனம், கற்கள் பெயர்ந்திருக்கின்றன.

முழங்கால் படுகிற பாடு இறங்கும்போதுதான் தெரியும். உயரமான படிகளில் பக்கவாட்டாகத் திரும்பிக் காலை வையுங்கள், பேசிக்கொண்டே இறங்காதீர்கள்.

கீழே வந்தபின் நிழலில் சாவகாசமாகக் கல்யாண மகாலைப் பாருங்கள். வெங்கடரமணர் கோயிலை விட்டுவிடாதீர்கள். வாசலில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை.

தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படும். 1714இல் போரில் மாண்ட அவன் செஞ்சியை ஆண்டது சில மாதங்கள்தான். கதையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சாலைக்கு மறுபக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் அதே டிக்கெட்தான். அது உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. காலில் தெம்பு மிச்சமிருந்தால் மட்டும் ஏறுங்கள். இல்லையென்றால் பேருந்தைப் பிடியுங்கள்.