நீரில் கரைந்ததும் மௌனமான ஃப்ளோரின்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எம்.ஆர்.ஐ. கருவியில் தெரியக்கூடிய, ஃப்ளோரின் சேர்ந்த பாலிமர் ஒன்றைச் செய்ய வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களிலிருந்து வருவது. அவை எங்கும் நிறைந்திருப்பதால், படத்தின் வேறுபாட்டைக் கூட்டப் பயன்படும் கடோலினியம் மருந்தைச் செலுத்தினாலும், ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும் இடத்தில் வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்றுதான் பார்க்க முடிகிறது. ஃப்ளோரினோ உடலில் எலும்பிலும் பல்லிலும் திடப்பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதன் சமிக்ஞை கருவி கேட்பதற்கு முன்பே அழிந்துவிடும். ஆகவே நாம் செலுத்திய ஃப்ளோரின் மட்டுமே கறுப்புப் பின்னணியில் தெரியும். இயற்கையில் கிடைக்கும் ஃப்ளோரின் முழுவதும் ஃப்ளோரின்-19 என்ற ஒரே ஐசோடோப்பு என்பதும், 9.4 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜனின் 400 மெகாஹெர்ட்ஸுக்கு அருகிலேயே, 376 மெகாஹெர்ட்ஸில், அது ஒத்ததிர்கிறது என்பதும் கூடுதல் வசதி. 1977-லேயே ஃப்ளோரின் படம் எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஹைட்ரஜன் 111 மோல் இருக்கிறது. எடையில் 5 விழுக்காடு ஃப்ளோரின் கொண்ட பாலிமரை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைத்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 0.05 மோல் ஃப்ளோரின்தான் கிடைக்கும். அதுவும் ஊசிக்குழாயில் இருக்கும்வரை. இந்தக் கணக்கைப் போட்டவுடன் யாருக்கும் தோன்றுவதே எனக்கும் தோன்றியது: ஃப்ளோரினைக் கூட்ட வேண்டும்.

அப்படிச் செய்த முதல் பாலிமர் பார்க்க அழகாக இருந்தது. பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி ஒன்றின் முனையில் டிரைஃப்ளூரோஎத்தில் மெத்தாக்ரிலேட்டை நீளமாக வளர்த்திருந்தேன். 1998-இல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிவித்த, சங்கிலியின் நீளத்தைக் கட்டுக்குள் வைத்து வளர்க்கும் ராஃப்ட் முறையில் செய்தது. அதற்குப் பயன்படுத்திய கந்தகச் சேர்மத்தின் நிறம் பாலிமரிலும் தங்கியதால், உறைய வைத்து உலர்த்திய பின் குடுவையில் இளஞ்சிவப்புப் பஞ்சாக நின்றது. டியூட்டீரிய குளோரோஃபார்ம் என்ற கரைப்பானில் கரைத்து, அணுக்கருக்களின் சமிக்ஞையை நிறமாலையாகக் காட்டும் என்.எம்.ஆர். எடுத்தபோது −74 பிபிஎம் (நிறமாலையில் உச்சியின் இடத்தைக் குறிக்கும் அளவு) அருகே நல்ல உயரமான உச்சி. மறுநாள் அதே பாலிமரை அசிட்டோனில் கரைத்து, சொட்டுச் சொட்டாக நீரில் விட்டு, அசிட்டோனை நீக்கினேன். இலேசான நீலச் சாயல் கொண்ட, தெளிவான கரைசல். நிறமாலையில் உச்சியைக் காணோம். பெருக்கிப் பார்த்தால் ஒரு மேடு இருப்பதுபோல் தோன்றியது. கருவிக்குள்ளேயே இருக்கும் ஃப்ளோரோபாலிமர் பாகங்களின் மேடு அது என்று பிறகு தெரிந்தது. அளவு தெரிந்த டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தை நுண்குழாயில் அடைத்து உள்ளே வைத்து ஒப்பிட்டுக் கணக்கிட்டதில், நான் கரைத்த ஃப்ளோரினில் மிகச் சிறு பங்கே கருவிக்குத் தெரிந்திருந்தது.

மாதிரியில் ஃப்ளோரின் குறையவில்லை, அசைவுதான் நின்றுபோயிருந்தது. நீரை வெறுக்கும் அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையின் மையமாகச் சுருண்டுகொள்கின்றன. அந்த மெத்தாக்ரிலேட் பாலிமர் உடல் வெப்பநிலையில் கண்ணாடிபோல் இறுகியிருப்பது. அணுக்கரு விரைவாகச் சுழன்று அசைந்தால் அண்டை அணுக்களின் காந்தத் தாக்கம் சராசரியாகி மறையும். அசையாவிட்டால் அந்தத் தாக்கம் முழுவதும் சமிக்ஞையின் மேல் விழும். சமிக்ஞை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் காட்டும், டி2 எனப்படும் தளர்வு நேரம் சுருங்கி, எதிரொலியைச் சேகரிக்கும் முன்பே சமிக்ஞை இறந்துவிடும். ஃப்ளோரினை மேலும் கூட்டினால் மையம் மேலும் இறுகும், சமிக்ஞை மேலும் தேயும். இதை நான் பாடமாகப் படித்திருந்தேன். ஆனால் அந்த வெற்று நிறமாலையைப் பார்க்கும்வரை நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த பல மாதங்கள் எதிர்த்திசையில் நடந்தோம். இறுகும் மெத்தாக்ரிலேட்டுக்குப் பதில் நெகிழ்வான அக்ரிலேட். ஒரே தொகுதியாக அடுக்குவதற்குப் பதில், சங்கிலி நெடுக எத்திலீன் கிளைக்கால் கிளைகளுக்கு நடுவே ஃப்ளோரின் அலகுகளைத் தூவுவது. ஃப்ளோரின் 5 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்ற கட்டுப்பாடு. கிடைத்த பொருள் மஞ்சள் நிறப் பிசின். எடை போடக் கரண்டியில் எடுத்தால் கரண்டியிலேயே நிற்கும். தராசுத் தட்டில் விழாது. பார்வைக்கு அத்தனை அசிங்கமான அந்தப் பிசின் நீரிலும் கூர்மையான உச்சி காட்டியது. டி2 பல பத்து மில்லிநொடிகள்.

எலியில் எடுத்த முதல் படத்தைப் பற்றி இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. கறுப்புத் திரையில் வெளிச்சம் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். வெளிச்சம் நாங்கள் எதிர்பார்த்த கல்லீரலில் மட்டுமல்லாமல் தோலுக்கடியிலும் இருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் தயாரித்துவிட்டோம். படப்பிடிப்பைக் கவனிக்கும் மூத்தவர் மட்டும், “மருந்தே போடாத எலியை ஒருதரம் எடுத்துப் பாருங்களேன்” என்றார். எடுத்தோம். அதிலும் தோலுக்கடியில் அதே வெளிச்சம். மயக்கத்துக்குக் கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் வாயுவின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து ஃப்ளோரின். அது கொழுப்பில் கரைந்து தங்கும். மயக்க மருந்தைத்தான் நாங்கள் அழகாகப் படம் பிடித்திருந்தோம். அதன் உச்சிகள் −80, −86 பிபிஎம் அருகே வருபவை. எங்களுடையதிலிருந்து குறைந்தது 6 பிபிஎம், அதாவது இந்தக் காந்தத்தில் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், தள்ளியிருப்பதால் குறுகிய அதிர்வெண் துடிப்பால் பிரித்துவிடலாம். பிரித்த பிறகு கல்லீரலில் மங்கலாக ஒரு திட்டு எஞ்சியது. அது எங்களுடையது.

இப்போது எங்களைப் பிடித்திருப்பது வேறொரு கேள்வி. பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், சிதையாத ஃப்ளோரின் சேர்மங்களைப் பற்றிய கவலை வலுத்துவருகிறது; 2021-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. தந்த வரையறையில், முழுதும் ஃப்ளோரினேற்றப்பட்ட ஒரே ஒரு மெத்தில் தொகுதி இருந்தாலும் பொருள் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடும். எங்கள் பிசினும் அதற்குள் வருகிறது. சங்கிலியின் முதுகில் எஸ்டர் பிணைப்புகளைச் செருகினால் அது உடலில் துண்டாகிச் சிறுநீரகம் வழியே போய்விடும் என்று நான் விளக்கியபோது, புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி, “போன பிறகு அந்த மூன்று ஃப்ளோரினும் எங்கே போகும், சார்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்த மாதம் அவர் 3 விழுக்காடு ஃப்ளோரின் கொண்ட பாலிமரைச் செய்துகொண்டிருக்கிறார். டி2-ஐ இன்னும் சற்று நீட்ட முடிந்தால், பழைய 5 விழுக்காட்டின் சமிக்ஞை அதிலேயே வருமா என்று பார்க்க வேண்டும்.