ஹெலிகாப்டர் கிளப்பும் காற்று

மருத்துவமனையின் ஹெலிகாப்டர் தளம் என்றால் சுழலும் இறக்கைகளை எண்ணித்தான் பலரும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் தேவையானதே. ஆனால், தளத்துக்கு வெளியே தம் போக்கில் நடந்து செல்பவரைச் சாய்ப்பது, இறக்கைகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று. 2022 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள டெரிஃபோர்ட் மருத்துவமனையில் எஸ்-92 ரக மீட்பு ஹெலிகாப்டர் இறங்கியபோது, அருகிலிருந்த கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்த 87 வயது மூதாட்டி அக்காற்றில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். இன்னொரு பெண்ணும் பலத்த காயமடைந்தார். அவர்கள் தளத்துக்குள் காலே வைக்கவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

ஹெலிகாப்டர் தன் எடையைத் தாங்கும் அளவுக்குக் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். அந்தக் காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. மருத்துவப் பணிக்கு வழக்கமாக வரும் சிறிய ரகங்கள் ஏறத்தாழ 3 டன் எடை கொண்டவை. எஸ்-92 ரகமோ 12 டன் வரை எடையுடன் பறக்கக்கூடியது. ஆகவே, சிறிய ஹெலிகாப்டர் ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி இறங்கிய தளம் பெரியதற்கும் பாதுகாப்பானது என்று கருதுவது பெரும் பிழை. எந்த ரகம் வருகிறது என்பதை முன்னரே கேட்டறிந்து, அதற்கேற்ற தொலைவுக்கு நடைபாதையையும் கார் நிறுத்துமிடத்தையும் காலிசெய்ய வேண்டும். தள்ளாடி நடக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும்.

தளத்துக்குள் செல்லும் ஊழியர்களுக்கு, இறக்கைகள் முழுவதும் நிற்கும்வரை காத்திருப்பதே மிக நல்லது. இயந்திரத்தை அணைத்தபின் வேகம் குறையக் குறைய இறக்கையின் நுனி தாழ்ந்து வரும். ஒரு பலத்த காற்று அதை இன்னும் தாழ்த்திவிடும். காத்திருக்க இயலாத நிலையில், விமானக் குழுவினர் சைகை காட்டிய பிறகே, விமானியின் பார்வையில் படும்படி முன்பக்கமாக, குனிந்து செல்ல வேண்டும். சுழலும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது என்பதால், பின்புறக் கதவு வழியாக நோயாளியை இறக்கும் ரகங்களிலும் குழுவினர் உடன் வராமல் அப்பக்கம் போகவே கூடாது. குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியை உயர்த்திப் பிடிக்கக் கூடாது. ஸ்ட்ரெச்சரின் மெத்தையையும் போர்வையையும் பட்டையால் இறுகக் கட்டியிருக்க வேண்டும். கண்ணில் தூசி விழுந்தால், தட்டுத்தடுமாறி நடக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். குழுவினர் வந்து கைப்பிடித்து அழைத்துச் செல்வார்கள்.