ம் கொட்டத் தெரிந்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவருடைய ‘ம்’ எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டேன்.

அவர் நடத்தும் பாட்காஸ்டுக்காக, அதாவது இணையத்தில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சிக்காக, பதிந்த 2 மணி 40 நிமிட உரையாடல் அது. அதைத் தொகுப்பது என் வேலை. விருந்தினர் குரல் ஒரு டிராக்கில், அவர் குரல் இன்னொரு டிராக்கில். விருந்தினர் பேசப் பேச அவருடைய டிராக்கில் கடுகு இறைத்த மாதிரி சின்னச் சின்ன அலைகள் விழுந்துகொண்டே இருந்தன. ம், ம்ம், ஓ, அட, அப்புறம், ம். அதற்கு முன்னால் நான் விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்யும் ஓர் இடத்தில் இருந்தேன். 30 நொடிக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய வேலை. ஒருவர் பேசும்போது அடுத்தவர் மூச்சு விட்டால்கூட அதை எடுத்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ‘ம்’மாகத் தேடி அழித்தேன். சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவர் பத்து நிமிடம் கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “இதுல நான் எங்கப்பா இருக்கேன்?” என்றார்.

நானும் மறுபடி கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. விருந்தினர் காலி அறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் திடீரென்று குரல் உயர்கிறது, ஏன் என்று தெரியவில்லை. இன்னோரிடத்தில் சொன்னதையே கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்கிறார், அதற்கும் காரணம் புரியவில்லை. முதல் இடத்தில் அவருக்கு ஒரு ‘ஓ’ கிடைத்திருந்தது. இரண்டாவதில் இழுத்துச் சொன்ன ஒரு ‘ம்ம்?’. இரண்டையும் நான் குப்பையில் போட்டிருந்தேன். சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு “தூங்கிட்டியா?” என்று கேட்பாள். நான் தொகுத்த பேச்சில் யாரும் ‘ம்’ கொட்டவில்லை, ஆனாலும் கதை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. கேட்கவே சங்கடமாக இருந்தது.

அவர் ஹெவி மெட்டல் என்ற உரத்த ராக் இசை பாடுகிறவர். பெங்களூர்க்காரர், வீட்டில் தமிழ். மேடையில் அவர் எழுப்பும் குரலை முதல்முறை கேட்கிறவர்களுக்கு அது மனிதக் குரல் என்றே தோன்றாது. ‘குரோல்’ என்பார்கள், தொண்டைக்குள்ளிருந்து வரும் உறுமல். 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழு வாசித்தபோது கூட்டத்தில் நின்றவர். 2011 அக்டோபர் 30 அன்று அங்கேயே அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்கா வாசித்தபோதும் நின்றிருக்கிறார். இந்த இரண்டு தேதிகளையும் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாள் மாதிரிச் சொல்வார்.

ஃப்ரேசர் டவுன் பக்கம் அவருடைய இசைக்குழு ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூம்தான் எங்கள் ஸ்டுடியோ. சுவரெல்லாம் ஃபோம். மூலையில் டிரம்ஸ், அதன்மேல் பழைய பெட்ஷீட். பதிவுக்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை, ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிடுவது. இல்லையென்றால் யாராவது தாழ்ந்த குரலில் பேசினாலே அவை கூடவே அதிர்ந்து ‘ஸ்ர்ர்’ என்று சத்தம் போடும். அடுத்தது மைக். ஷூர் எஸ்எம்7பி. மெட்டல் பாடகர்கள் பலர் ஸ்டுடியோவில் இதில்தான் கத்திப் பதிகிறார்கள். பாட்காஸ்ட் நடத்துகிறவர்களின் மேஜையிலும் பெரும்பாலும் இதே மைக்தான். கத்தினால் இதற்கு கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, அதிகம் வேண்டாம். பேசினால் 60 டெசிபல் வரை ஏற்ற வேண்டும். அவ்வளவு ஏற்றினால் சட்டை உரசுவது கேட்கும், எச்சில் விழுங்குவது கேட்கும், பக்கத்துத் தெரு குக்கர் விசில்கூடக் கேட்கும்.

இந்த நாற்காலியில் இசைக்காரர்கள் மட்டும் உட்காருவதில்லை. பாம்பு பிடிப்பவர் வந்திருக்கிறார், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், தேனீ வளர்க்கும் பெண், பிணவறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ரயில் ஓட்டுநர் உள்ளே வந்ததும் சுவரில் இருந்த மண்டையோட்டுப் போஸ்டரைப் பார்த்துவிட்டு வாசல் பக்கமே திரும்பிப் பார்த்தார். மூன்று மணி நேரம் கழித்து அவரை எழுப்பி அனுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

“எங்கண்ணா இதையெல்லாம் கத்துக்கிட்டீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முன் சீட்டுல” என்றார்.

இருபது வயதில் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போன காலத்தைச் சொன்னார். மேடையில் நாற்பது நிமிடம் வாசிக்க பெங்களூரிலிருந்து ஹைதராபாத் வரை வாடகை டெம்போ டிராவலர். போக வர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வாசித்து முடித்து ஆம்ப்ளிஃபயர்களை ஏற்றி வண்டி கிளம்பும்போது நடு ராத்திரி தாண்டிவிடும். பின்னால் எல்லாரும் சுருண்டு தூங்குவார்கள். ஒருவர் மட்டும் முன்னால் உட்கார்ந்து டிரைவருக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பத்து வருடம் அந்த வேலை இவருடையது. கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும், அதிகம் பேச முடியாது. அதனால் டிரைவரைப் பேச வைப்பார். கர்னூலில் டீக்குடிக்க நிறுத்தும் வரை பேச்சு அறுந்துவிடக் கூடாது.

இதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் நாமக்கல் பக்கம். என் மாமா லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் அவரோடு போவேன். அவர் வண்டி ஓடிய சாலையும் இவர்கள் வண்டி ஓடிய சாலையும் ஒன்றுதான், இன்றைக்கு என்எச் 44 என்கிறோம். ராத்திரியில் மாமா, “தூங்காதடா, பேச்சுக் கொடு” என்பார். ‘சாப்பிட்டீங்களா மாமா’ மாதிரிக் கேள்வி அங்கே உதவாது. ‘ம், ஆச்சு’ என்பதோடு முடிந்துவிடும். ‘அன்னைக்கு நாக்பூர்ல வண்டி நின்னு போச்சுன்னீங்களே, அப்புறம் என்ன பண்ணுனீங்க?’ என்று கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும். பதில் குட்டையாகிக்கொண்டே வந்தால் வேறு பேச்சுக்கு மாற வேண்டும். குரல் கனத்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனுக்கே இது பழகிவிடும். ஒரு தொழிலுக்கான பயிற்சி அது என்று எனக்கு அப்போது தெரியாது.

மெட்டல் பாடகர்கள் இப்படி நீண்ட உரையாடல் நடத்துவது உலகத்தில் புதிதல்ல. வேலைக்காக நிறையக் கேட்டிருக்கிறேன். ஹேட்பிரீட் குழுவின் பாடகர் ஜேமி ஜாஸ்டா 2003 முதல் 2007 வரை எம்டிவி2 தொலைக்காட்சியில் ‘ஹெட்பேங்கர்ஸ் பால்’ என்ற மெட்டல் நிகழ்ச்சியை நடத்தினார். 2014-ல் சொந்தமாகப் பாட்காஸ்ட் தொடங்கினார். மல்யுத்த வீரரும் ஃபோஸி குழுவின் பாடகருமான கிறிஸ் ஜெரிக்கோ அதற்குச் சற்று முன்னால், 2013 கடைசியில், தொடங்கிவிட்டார். பேய் ஆராய்ச்சிக்காரர்கள் வரை அவரிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2002 முதல் 2010 வரை பிபிசியின் 6 மியூசிக் வானொலியில் வாரா வாரம் ராக் நிகழ்ச்சி நடத்தியவர். பின்னர் கெவின் டட்டன் என்ற உளவியலாளரோடு சேர்ந்து பாட்காஸ்ட் நடத்தினார். 2008-ல் மும்பையில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் தன் குழுவை ஏற்றிக்கொண்டு போயிங் 757 விமானம் ஓட்டியவர் அவர். அந்த மனிதருக்கு எதைப் பற்றித்தான் கேள்வி இருக்காது! நம் பக்கத்தில் மும்பையின் டெமானிக் ரெசரக்‌ஷன் குழுவைச் சேர்ந்த சாஹில் மகிஜா, இசைக்குழுக்களுக்குச் சமைத்துப் போட்டுப் பேச்சுக் கொடுத்தார். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு அது. வாயில் சோறு இருக்கும்போது யாரும் மனப்பாடப் பதில் சொல்ல மாட்டார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. புது ஆல்பம் வரும்போதெல்லாம் ஒரே நாளில் வரிசையாகப் பேட்டி கொடுத்துச் சலித்தவர்கள். ஆளுக்குக் கால் மணி நேரம், எல்லாரிடமும் ஒரே கேள்வி: குழுவுக்கு ஏன் இந்தப் பெயர், இசையில் யார் உங்களைப் பாதித்தார்கள். எங்கள் பாடகருக்கும் அது நடந்திருக்கிறது. அதனால் விருந்தினர் நூறு தடவை சொல்லித் தேய்ந்த பதிலைத் தொடங்கினால் அவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். குறுக்கே பேச மாட்டார். சொல்லி முடிக்க விடுவார். அந்த இடத்தில் ‘ம்’ மட்டும் வராது. விருந்தினரே கொஞ்சம் தடுமாறி, “இல்ல, உண்மையில என்ன ஆச்சுன்னா…” என்று ஆரம்பிப்பார். உடனே ‘ம்’ வரும்.

சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது இன்னொரு தப்பு செய்தேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் எஞ்சினியர் தன் வீட்டிலிருந்தே பேசினார். அவர் பக்கம் அவர் பதிவு செய்து அனுப்பினார், இங்கே நாங்கள் பதிந்தோம். தொடக்கத்தில் இரண்டையும் பொருத்தி வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு பதிவுக் கருவிக்குள்ளும் ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறது. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது அதன் தாளத்தில்தான். எந்த இரண்டு கடிகாரமும் சரியாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், மூன்று மணி நேரத்தில் அரை நொடிக்கு மேல் விலகிவிடும்.

கடைசி அரை மணியில்தான் அவர் தீவிபத்தைப் பற்றிச் சொன்னார். எஞ்சின் அறையில் தீ. அறையை மூடிக் கார்பன் டை ஆக்சைடைத் திறந்துவிட வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார். அதனால் முதலில் தலை எண்ணுவார்கள். “எண்ணுனோம். ஒரு ஆள் குறையுது” என்றார். உண்மையில் எங்கள் பாடகரின் ‘ம்’ அந்தச் சொல்லோடு ஒட்டி விழுந்தது, மூச்சுப் பிடித்த மாதிரி. என் தொகுப்பில் அது அரை நொடி தள்ளி விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கேட்டால் ‘அப்படியா, நம்பலாமா’ என்கிற மாதிரி ஒலித்தது. ஆள் மேல் தளத்தில் இருந்தார், பிழைத்துக்கொண்டார். எஞ்சினியர் அதைச் சொல்லும்போது குரல் உடைகிறது. அங்கேயும் தள்ளி ஒரு ‘ம்’, அக்கறை இல்லாதவன் சொல்வது போல.

“அவர நான் நம்பாத மாதிரி இருக்குப்பா” என்று மட்டும் எங்கள் பாடகர் சொன்னார். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். இப்போதெல்லாம் பதிவின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் கட்டாயம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு டிராக்கை அந்த அளவுக்கு இழுத்தோ சுருக்கியோ விடுகிறேன்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு மயக்க மருந்து டாக்டர் வந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நேராக ஜாம் ரூமுக்கே வந்து, பெட்ஷீட்டைத் தூக்கி டிரம்ஸைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆபரேஷன் தியேட்டரில் கேட்கும் அந்த ‘பீப்’ பற்றிப் பேச்சு வந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அதன் சுருதி இறங்குமாம். திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும் என்றார்.

“எவ்வளவு இறங்கும் டாக்டர்? அரை சுரமா?”

“சுரமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. இறங்குச்சுன்னா முதல்ல என் கை போயிரும். அப்புறம்தான் கண்ணு போகும்.”

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தால் தாய் விழித்துக்கொண்டுதான் இருப்பாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன் என்றார். எந்த ஊர், முதல் பிள்ளையா, என்ன பேர் வைக்கப் போறீங்க. “படபடன்னு பேசிட்டிருந்தவ பதில் சொல்ல லேட்டாக்குனா பிரஷர் இறங்குதுன்னு நினைச்சுக்குவேன். வாந்தி வருதுன்னு அவ சொல்றதுக்குள்ள மருந்து ஏத்திருவேன்.”

நான் ஹெட்ஃபோனோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெம்போ டிராவலர் கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாடகருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். வாய் திறந்தது தெரிந்தது. மூடிக்கொண்டார். ‘ம்’ என்றார். டாக்டர் தொடர்ந்தார். அடுத்த பதினைந்து நிமிடம் தன் கையில் உயிர் போன ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். இதுவரை வெளியே பேசியதில்லை என்றார். டெம்போ கதை குறுக்கே வந்திருந்தால் இது வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியில் பேச்சு தொண்டைக்கு வந்தது. குழாய் செருகும்போது தினமும் குரல் நாண்களைப் பார்ப்பவர் அவர். வெள்ளையாக ஒரு ஜோடி. அதற்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு, அதைப் பொய்க் குரல் நாண் என்பார்களாம், பேசும்போது அதற்கு வேலை இல்லையாம்.

“நான் அதுலதான் டாக்டர் பாடுறேன்.”

“அதுலயா? எங்கே, பாடுங்க பார்ப்போம்.”

நான் கெயின் குமிழைப் பிடிப்பதற்குள் அவர் மூச்சை இழுத்துவிட்டார். 60 டெசிபலில் அந்த உறுமலின் முதல் அரை நொடி கிழிந்துபோய்ப் பதிவாகியிருக்கிறது, சிவப்பு விளக்கு அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் குமிழ் இறங்கியதும் குரல் முழுசாக, ஐந்து நொடி. பெட்ஷீட்டுக்கு அடியில் டிரம்ஸின் சிம்பல் தகடு ஒன்று தானாக ரீங்கரித்து மெல்ல அடங்கியது. யாரும் எதுவும் பேசவில்லை. கிழிந்த அரை நொடியை நான் வெட்டவில்லை. சிம்பல் அடங்கிய பிறகு டாக்டரின் டிராக்கில், மெதுவாக, ஒரு ‘ம்’ இருக்கிறது.