530500: தும்புக்கு வெளிநாட்டுச் சந்தை தேடிய அனுபவம்

ஈத்தாமொழிப் பக்கம் அத்தான் நடத்திவரும் தும்பு ஆலையின் சரக்கு, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து பிரிக்கும் நார், பிற ஏற்றுமதியாளர்கள் வழியாகவே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நேரடியாக அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தபோது, எந்த நாட்டை முதலில் அணுகுவது என்று பன்னாட்டு வணிகத் தரவுகளைக் கொண்டு கண்டறியும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஜெனீவாவிலுள்ள பன்னாட்டு வணிக மையத்தின் ‘டிரேட் மேப்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு தொடங்கினேன். அங்கே பொருளைப் பெயரால் தேடுவதைவிடச் சுங்கக் குறியீட்டால் தேடுவதே சரி. அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. தென்னை நாரில் திரித்த நூல்கயிற்றுக்கு 530810 என்றும், தென்னை நாரில் நெய்த தரைவிரிப்புக்கு 570220 என்றும் தனிக் குறியீடுகள் உண்டு. தும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2007ஆம் ஆண்டின் திருத்தத்தில் தென்னை நார், அபாகா, ராமி முதலிய தாவர நார்கள் எல்லாம் 530500 என்ற ஒரே குறியீட்டுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன.

அபாகா என்பது பிலிப்பைன்ஸில் பெருமளவில் விளையும் வாழை இனத் தாவரத்தின் நார். தேயிலைப் பைக்கான தாள் செய்யப் பயன்படுவது. ஆகவே இறக்குமதி மதிப்பை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பவருக்கு, அபாகாவை வாங்கும் ஜப்பானும் பிரிட்டனும்கூடத் தும்புக்காகக் காத்திருக்கும் சந்தைகளைப் போலத் தோன்றும். ஒவ்வொரு நாடும் யாரிடம் வாங்குகிறது என்ற பட்டியலைத் திறந்து, மதிப்பை எடையால் வகுத்து டன் விலையைக் கணக்கிட்டேன். பிலிப்பைன்ஸுக்கு நேரே வந்த விலை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரே வந்ததைப் போலப் பல மடங்கு. “இந்த வெலைக்குத் தும்பு வாங்குகவன் எவனும் கெடையாது மாப்பிள்ள” என்று அத்தான் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

பிறகு நம் வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கிக்குப் போனேன். அங்கே எட்டு இலக்கக் குறியீடு தும்பையும், மட்டையிலிருந்து நார் பிரிக்கையில் உதிரும் தூளான நார்க்கழிவையும் பிரித்தே காட்டுகிறது. அங்கே காணும் நம் ஏற்றுமதித் தொகையை, வாங்கும் நாடு காட்டும் இறக்குமதித் தொகையோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்துவதில்லை. நம்முடையது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, அவர்களுடையது சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது. இந்த வித்தியாசத்தை இலாபமென்று கணக்குப் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். நெதர்லாந்தின் தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது; ரோட்டர்டாமில் இறங்கும் சரக்கில் ஒரு பகுதி பிற ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்கிறது.

பிரித்துப் பார்த்ததில், தும்பு பெரும்பாலும் சீனாவையே நம்பியிருக்கிறது. அங்கே கொள்முதல் தளர்ந்தால் இங்கே விலை சரிகிறது. ஆலையின் பின்புறம் குவிந்து கிடக்கும் நார்க்கழிவுக்கோ அமெரிக்கா, நெதர்லாந்து, தென்கொரியா, ஸ்பெயின் எனப் பரவலாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எனவே நேரடி ஏற்றுமதியை அதிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தோம். மண்ணுக்கு மாற்றாகப் பயிர் வளர்ப்பவர்கள் உப்புச் சத்துக் குறைந்ததையே கேட்பதால், கழுவுவதற்கு ஆலைக் கிணற்றுத் தண்ணீர் ஏற்றதா என்று அறிய மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம்; கட்டியாக அழுத்தும் எந்திரத்துக்கு விலை கேட்பது அதன் முடிவைப் பார்த்த பிறகுதான்.