டிபி மாத்திரையும் காசிமேட்டு மீனும்

டிபி மாத்திரை ஆரம்பித்த அன்றே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். வியர்வை, கண்ணீரில்கூட வரும். அதற்காக எதையும் நிறுத்த வேண்டாம். பார்க்க வேண்டியது கண்ணின் வெள்ளைப் பகுதியை. அது மஞ்சளானாலோ, குமட்டலோடு வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ கல்லீரல் அடிவாங்குகிறது. அப்போது அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும். ஆறு மாதச் சிகிச்சையில் முக்கால்வாசிக் குழப்பம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான்.

முதல் 2 மாதம் நாலு மருந்து (ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால்) கலந்த மாத்திரை, பிறகு 4 மாதம் பைரசினமைடு இல்லாத மூன்று மருந்து. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பது எடையை வைத்துத்தான்: 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 வரை 4. மாதாமாதம் எடை பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. தேறி வரும்போது எண்ணிக்கை மாறலாம். காலையில் வெறும் வயிற்றில் போடுவது நல்லது. குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம், விடுவதைவிட அது மேல். வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் வகையறா ஐசோனியாசிட் உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விட வேண்டும்.

காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம் மீன். சூரை, கானாங்கத்தை மாதிரி மீன்கள் ஐஸ் பத்தாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். அதை உடைக்கும் நொதியை ஐசோனியாசிட் அடக்கிவிடுகிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. வீட்டில் இதை 'மாத்திரை சேரலை' என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவார்கள். குற்றவாளி மீன், மாத்திரை இல்லை. ஆறு மாதமும் இந்த இரண்டு மீனையும் தள்ளிவைப்பதுதான் எளிது. மூச்சுத் திணறினால் மட்டும் வீட்டு வைத்தியம் கூடாது, நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கை கால் மதமதப்பு ஐசோனியாசிடால் வருவது, பைரிடாக்சின் (பி6) அதற்குத்தான் தருகிறார்கள். மூட்டு வலி பைரசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றுவதால். சிவப்பும் பச்சையும் மங்கினால் எத்தாம்பியூட்டால். இதில் காத்திருக்கக் கூடாது, உடனே கண் டாக்டர்.

மற்ற மாத்திரைகளோடு மோதுவதில் ரிஃபாம்பிசின்தான் ரவுடி. கல்லீரலை முடுக்கி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை நம்பகமில்லாமல் போகும், காப்பர்-டி போன்றதுக்கு மாற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கும். வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுபவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குடி வேண்டவே வேண்டாம், கல்லீரல் ஒன்றுதான் இருக்கிறது.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையும் பலம் குறைவதால் டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். கடைசி டிபி மாத்திரை முடிந்து சுமார் 2 வாரத்தில் ரிஃபாம்பிசினின் முடுக்கம் அடங்கிவிடும், கூட்டிய அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கும். அந்த 2 வாரமும் கையோடு கொஞ்சம் வெல்லம் வைத்துக்கொண்டு, அளவைக் குறைக்கத் தேதி வாங்கிவிடுங்கள்.